பிபிஎஸ் எடிட்டரில் கண்ட்ரோல்+எஸ் ஏன் சேவ் செய்வதில்லை?

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கும் மற்றவர்களுக்கும் விஷயம் புரியட்டும். இரண்டு பிபிஎஸ்களில் (எழுத்துத் திரை வழியாக உள்ளே போய்ச் செய்தி படித்து எழுதும் பழைய பாணி அறிவிப்புப் பலகைகள்) கணக்குத் தொடங்கியிருக்கிறீர்கள். ஒன்று சிங்க்ரோநெட் மென்பொருளில் ஓடுவது, அதற்கு சிங்க்டெர்ம் என்ற டெர்மினல் நிரல் வழியாகப் போகிறீர்கள். இன்னொன்று யூனிக்ஸ் சர்வர் ஒன்றில் இருப்பது, அதற்கு புட்டி என்ற இன்னொரு டெர்மினல் நிரலில் எஸ்எஸ்ஹெச் இணைப்பு. முதலாவதில் கண்ட்ரோல்+வி அழுத்தியபோது எதுவும் ஒட்டப்படவில்லை. அதற்குப் பிறகு தட்டியதெல்லாம் ஏற்கெனவே இருந்த எழுத்துகளைத் தின்றுகொண்டே போயிருக்கிறது. பதறிப்போய் கண்ட்ரோல்+இசட் அழுத்த, பாதிச் செய்தி அப்படியே பதிவாகிவிட்டது. இரண்டாவதில் கண்ட்ரோல்+எஸ் அழுத்தியதும் திரை உறைந்தது. 'எல்லா ஷார்ட்கட்டும் அடங்கிய ஒரு பட்டியல் கிடைக்குமா?' என்று முடித்திருக்கிறீர்கள்.

பட்டியல் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் உங்களுக்கு வேண்டியது அது இல்லை என்று நினைக்கிறேன். எல்லா பிபிஎஸ்ஸுக்கும் பொருந்தும் ஒரே பட்டியல் கிடையாது, இருக்கவும் முடியாது. நீங்கள் அழுத்தும் கீ எடிட்டர் வரை போய்ச் சேர்வதற்கு முன்னால் வழியில் நாலைந்து பேர் நிற்கிறார்கள். யார் கையில் அது சிக்குகிறது என்று கண்டுபிடிக்கத் தெரிந்துவிட்டால் பட்டியல் தேவைப்படாது. உங்கள் மூன்று பிரச்சினைகளுக்கும் மூன்று வேறு காரணங்கள். ஒன்றில்கூட உங்கள் கணினிமீதோ கீபோர்டுமீதோ தப்பு இல்லை.

அடிப்படையிலிருந்து வருவோம். நோட்பேடில் கண்ட்ரோல்+எஸ் அழுத்தினால், 'கண்ட்ரோல் அழுத்தப்பட்டிருக்கிறது, கூடவே எஸ்' என்று இரண்டு தகவலும் அந்த நிரலுக்குத் தனித்தனியாகத் தெரியும். பிபிஎஸ்ஸுக்கு அப்படி எதுவும் தெரியாது. கம்பியில் போவது ஒரே ஒரு எண். ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் தரும் ஆஸ்கி அட்டவணையில் பெரிய எஸ் 83. கண்ட்ரோலைச் சேர்த்து அழுத்தினால் அதிலிருந்து 64 கழிந்து 19 போகும். சின்ன எஸ் 115. அதற்கும் கீழ் ஐந்து பிட் மட்டும் மிஞ்சி அதே 19தான் போகும். அதனால்தான் கண்ட்ரோல்+ஷிப்ட்+எஸ் என்று ஒரு தனி ஷார்ட்கட்டை பிபிஎஸ்ஸில் வைக்கவே முடியாது, ஷிப்ட் பாதி வழியிலேயே தொலைந்துவிடும். ஆல்ட் சேர்ந்தவை இன்னும் மோசம், அவற்றுக்கு ஆஸ்கியில் இடமே இல்லை. ஆக, எடிட்டர் எழுதுபவர் கையில் இருப்பது கண்ட்ரோலோடு சேர்ந்த 26 எழுத்துகள், அப்புறம் ஓரிரு குறிகள், அவ்வளவுதான்.

அந்த 26லும் சிலவற்றுக்கு ஏற்கெனவே சொந்தக்காரர்கள் உண்டு. கண்ட்ரோல்+எச் என்றால் 8, அதுதான் பேக்ஸ்பேஸ். கண்ட்ரோல்+ஐ என்றால் 9, அது டேப். கண்ட்ரோல்+எம் என்றால் 13, அது என்டர். கண்ட்ரோலோடு இடது சதுர அடைப்புக்குறியை அழுத்தினால் 27, அதுதான் எஸ்கேப். இவற்றை 'ஒரே மாதிரியானவை' என்று சொல்வதுகூடச் சரியில்லை. மறுமுனையில் இருப்பவருக்கு இரண்டும் ஒன்றே, பிரித்துப் பார்க்க வழியே கிடையாது. ஒரு எடிட்டர் கண்ட்ரோல்+ஐ-யை இன்சர்ட் மாற்றுவதற்கு வைத்திருந்தால், அங்கே டேப் அழுத்தினாலும் இன்சர்ட்தான் மாறும். இதில் ஒரு நல்ல பயனும் இருக்கிறது. பேக்ஸ்பேஸ் கீ வேலை செய்யாமல் விசித்திரமாக நடந்துகொண்டால் கண்ட்ரோல்+எச் அழுத்திப் பாருங்கள். அது வேலை செய்தால், உங்கள் டெர்மினல் பேக்ஸ்பேஸுக்கு 8-க்குப் பதிலாக 127 அனுப்புகிறது என்று அர்த்தம். புட்டியில் கீபோர்டு செட்டிங்குக்குள் போனால் முதல் விஷயமே அதுதான், அங்கே மாற்றிக்கொள்ளலாம்.

சரி, உறைந்த திரைக்கு வருவோம். இது மூன்றிலும் பழையது. டெலிடைப் என்கிற தட்டச்சு இயந்திரங்கள் கணினியோடு பேசிக்கொண்டிருந்த காலம். 1963-இல் வந்த டெலிடைப் மாடல் 33-இல் துளையிட்ட காகித நாடாவைப் படிக்கும் பகுதி ஒன்று உண்டு. அதை ஓட்டவும் நிறுத்தவும் மறுமுனையிலிருந்து ஒரு சைகை வேண்டும். ஓட்ட 17, நிறுத்த 19. 17 என்றால் கண்ட்ரோல்+க்யூ, 19 என்றால் கண்ட்ரோல்+எஸ். நாடா போய்விட்டது, வழக்கம் போகவில்லை. 'கொஞ்சம் நிறுத்து, நான் படித்துக்கொள்கிறேன்' என்று சொல்லக் கண்ட்ரோல்+எஸ், 'ஆகட்டும், தொடரு' என்று சொல்லக் கண்ட்ரோல்+க்யூ என்று அது நிலைத்துவிட்டது. யூனிக்ஸ் டெர்மினல்களில் இன்றைக்கும் இதுதான் இயல்பு. நீங்கள் கண்ட்ரோல்+எஸ் அழுத்தியபோது அது எடிட்டருக்குப் போகவே இல்லை. நடுவில் இருந்த யூனிக்ஸின் டெர்மினல் பகுதி அதை வாங்கிக்கொண்டு, திரைக்கு எழுத்து அனுப்புவதை நிறுத்திவிட்டது. உள்ளே எடிட்டர் நன்றாகத்தான் இருந்தது. கண்ட்ரோல்+க்யூ ஒருமுறை அழுத்தினால் திரை உயிர் பெறும்.

இதில் கவனிக்க ஒன்று உண்டு. திரை உறைந்திருக்கும்போது நீங்கள் கோபத்தில் தட்டிய கீகள் எல்லாம் தொலைந்துபோவதில்லை, உள்ளே சேர்ந்துகொண்டே இருக்கும். கண்ட்ரோல்+க்யூ அழுத்திய கணத்தில் அத்தனையும் வரிசையாக நடந்து முடிந்ததைத் திரையில் பார்ப்பீர்கள். உறைந்தது தெரிந்தால் கையை எடுத்துவிட்டு முதல் வேலையாகக் கண்ட்ரோல்+க்யூ அழுத்துங்கள். நெட்வொர்க் கருவிகளின் சீரியல் கன்சோலில் வேலை பார்க்கிறவர்களிடம் புதிதாகச் சேரும் பையன்கள் 'சார், கன்சோல் தொங்கிடுச்சு' என்று வந்து நிற்பதில் கணிசமான பங்கு இந்த ஒரு கீயால்தான். உங்கள் சர்வரில் ஷெல், அதாவது கட்டளை தட்டும் இடம், கிடைக்கிறது என்றால் எஸ்டிடிஒய் கட்டளையில் 'மைனஸ் ஐஎக்ஸ்ஆன்' (stty -ixon) என்று கொடுத்து இந்த வழக்கத்தையே அணைத்துவிடலாம். உள்ளே நுழைந்ததும் நேராக பிபிஎஸ் மெனுதான் வருகிறது, ஷெல் இல்லை என்றால் சிஸ்ஆப்பிடம், அதாவது அந்த பிபிஎஸ்ஸை நடத்துபவரிடம்தான் சொல்ல வேண்டும்.

அடுத்தது கண்ட்ரோல்+வி. இங்கே கீ சரியாகவே போய்ச் சேர்ந்தது. மறுமுனையில் அதற்கு வேறு அர்த்தம் இருந்தது, அவ்வளவுதான். சிங்க்ரோநெட்டில் கண்ட்ரோல்+வி என்றால் இன்சர்ட் கீ. எழுத்தை நடுவில் நுழைக்கும் நிலையிலிருந்து மேலேயே எழுதும் நிலைக்கு மாறிவிட்டது. அதுதான் பழைய எழுத்துகளைத் தின்றது. மறுபடி ஒருமுறை கண்ட்ரோல்+வி அழுத்தியிருந்தால் சரியாகியிருக்கும்.

இந்த அர்த்தம் சிங்க்ரோநெட்காரர் தானாக யோசித்தது அல்ல. 1978-இல் மைக்ரோப்ரோ நிறுவனம் வெளியிட்ட வேர்ட்ஸ்டார் என்ற சொற்செயலியிலேயே கண்ட்ரோல்+வி அப்படித்தான் இருந்தது. பிபிஎஸ் எடிட்டர்களைப் புரிந்துகொள்ள வேர்ட்ஸ்டாரைத் தெரிந்துகொள்வது பாதி வேலை என்பேன். அன்றைய டெர்மினல்கள் பலவற்றில் அம்புக்குறிக் கீகள் இல்லை, இருந்தாலும் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி அனுப்பும். அதனால் அதை எழுதிய ராப் பார்னபி இடது கை விரல்கள் இருக்கும் இடத்திலேயே அம்புகளை வைத்தார். கண்ட்ரோல்+ஈ மேலே, கண்ட்ரோல்+எக்ஸ் கீழே, கண்ட்ரோல்+எஸ் இடம், கண்ட்ரோல்+டி வலம். கீபோர்டைப் பாருங்கள், அந்த நான்கும் ஒரு வைர வடிவத்தில் உட்கார்ந்திருக்கும். அதற்கு வெளியே ஏ ஒரு சொல் இடப்பக்கம், எஃப் ஒரு சொல் வலப்பக்கம், ஆர் ஒரு பக்கம் மேலே, சி ஒரு பக்கம் கீழே. ஜி ஓர் எழுத்தை அழிக்கும், ஜி-க்கு மேல் வரிசையில் இருக்கும் டீ (T) ஒரு சொல்லை அழிக்கும், ஒய் முழு வரியையும் அழிக்கும். அப்போது கண்ட்ரோல் கீ, இன்றைக்குக் கேப்ஸ்லாக் இருக்கும் இடத்தில், 'ஏ'-க்குப் பக்கத்திலேயே இருந்தது. சுண்டுவிரலை நகர்த்தாமலே இதையெல்லாம் செய்யலாம். இன்றைய கீபோர்டில் அதைச் செய்தால் மணிக்கட்டு வலிக்கும். நிறைய எழுதப் போகிறீர்கள் என்றால் கேப்ஸ்லாக்கைக் கண்ட்ரோலாக மாற்றிக்கொள்ளுங்கள். நான் பல வருடங்களாக அப்படித்தான் வைத்திருக்கிறேன், கேப்ஸ்லாக்கை ஒருநாளும் தேடியதில்லை.

1983-இல் வந்த டர்போ பாஸ்கல் என்ற நிரல் எழுதும் மென்பொருளின் எடிட்டரும் இதே கீகளைப் பின்பற்றியது. டாஸ் காலத்து பிபிஎஸ் மென்பொருளும் எடிட்டர்களும் எழுதியவர்களில் நிறையப் பேர் டர்போ பாஸ்கலில் எழுதியவர்கள். தாங்கள் தினமும் தட்டிய கீகளையே தங்கள் எடிட்டரிலும் வைத்தார்கள். கண்ட்ரோல்+ஒய் வரியை அழிப்பது பல பிபிஎஸ்களில் தொடர்வது இதனால்தான். உங்களைப் போல விண்டோஸ் பழக்கத்தோடு வருகிறவர்களுக்கு இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தான கீ. அங்கே அது 'ரீடூ', இங்கே ஒரு வரி காலி. திரும்பக் கொண்டுவர அன்டூ இருக்காது.

கண்ட்ரோல்+இசட் பற்றி. விண்டோஸில் அது அன்டூ. யூனிக்ஸ் ஷெல்லில் ஓடும் வேலையை நிறுத்தி வைப்பது. சிபி/எம், டாஸ் என்ற பழைய இயங்குதளங்கள் இரண்டிலும் அது கோப்பின் முடிவைக் குறிக்கும் 26-ஆம் எண். 'எழுதி முடித்தாயிற்று' என்பதுதான் அதன் பழைய பொருள். சிங்க்ரோநெட்டில் பலரும் வைத்திருக்கும் ஸ்லைஎடிட் என்ற முழுத்திரை எடிட்டரில் கண்ட்ரோல்+இசட் என்றால் சேவ், கண்ட்ரோல்+ஏ என்றால் செய்தியைக் கைவிடுவது, கண்ட்ரோல்+க்யூ என்றால் யாருக்குப் பதில் எழுதுகிறோமோ அவர் எழுதியதிலிருந்து மேற்கோள் எடுப்பது. உங்கள் பாதிச் செய்தி பதிவானது ஏன் என்று இப்போது தெரிந்திருக்கும். தைவானின் பிடிடி பிபிஎஸ்ஸுக்குப் போனால் கதை இன்னொரு மாதிரி. தேசிய தைவான் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் 1995-இல் தொடங்கி இன்றும் பெரும் கூட்டத்தோடு ஓடுவது அது. அங்கே கண்ட்ரோல்+இசட் உதவிப் பக்கத்தைத் திறக்கும், சேவ் செய்துவிட்டு வெளியேறக் கண்ட்ரோல்+எக்ஸ். ஆனால் கண்ட்ரோல்+ஒய் அங்கும் வரியைத்தான் அழிக்கும். ஒரே கீக்கு இத்தனை அர்த்தம் என்று நான் சொன்னால், ஒரு பட்டியல் போட்டுத் தரத் தயங்குவது ஏன் என்று புரியும்.

நடுவில் நிற்பவர்கள் என்று சொன்னேன் அல்லவா, அதில் முதல் ஆள் உங்கள் டெர்மினல் நிரல்தான். சிங்க்டெர்மில் ஆல்ட்+இசட் அழுத்தினால் அதன் சொந்த மெனு திறக்கும். ஆல்ட்+பி (B) மேலே ஓடிப்போனதைத் திரும்பப் பார்க்க, ஆல்ட்+எச் தொடர்பைத் துண்டிக்க. இவை எதுவும் பிபிஎஸ்ஸுக்குத் தெரியாது. மோடம் காலத்து டெர்மினல் நிரல்களான டெலிக்ஸ், ப்ரோகாம் இரண்டிலும் பேஜ்அப் கீ அழுத்தினால் எடிட்டரில் பக்கம் மேலே போகாது, கோப்பை அப்லோடு செய்ய எந்த முறை வேண்டும் என்று எக்ஸ்மோடம், ஒய்மோடம், இசட்மோடம் பெயர்களோடு ஒரு பெட்டி குதித்து வரும். புதிதாக வந்தவர்கள் இதில் மிரண்டுபோவார்கள். எஸ்கேப் அழுத்தி அந்தப் பெட்டியை மூடிவிட்டு, வேர்ட்ஸ்டார் முறையில் கண்ட்ரோல்+ஆர் அழுத்துவதுதான் அன்றைய வழி. அது எந்த டெர்மினலிலும் சிக்காமல் நேரே போகும். இன்றைக்கும், யூனிக்ஸில் ஒரே டெர்மினலுக்குள் பல திரைகளை வைத்துக்கொள்ள உதவும் டிமக்ஸ், ஸ்க்ரீன் என்ற நிரல்களில் டிமக்ஸ் வழியாகப் போகிறீர்கள் என்றால் கண்ட்ரோல்+பி (B) அதனிடம் மாட்டும், ஸ்க்ரீன் வழியாகப் போனால் கண்ட்ரோல்+ஏ மாட்டும். சிங்க்ரோநெட்டில் நிறம் மாற்றும் குறிகள் எல்லாமே கண்ட்ரோல்+ஏ-வில் தொடங்குகின்றன என்பதால் ஸ்க்ரீன்காரர்களுக்கு இது பெரிய தொல்லை. கண்ட்ரோல்+ஏ அழுத்திவிட்டு தனியாக ஒரு சின்ன ஏ தட்டினால் ஒரு கண்ட்ரோல்+ஏ பிபிஎஸ்ஸுக்குக் கடந்து போகும். டிமக்ஸில் கண்ட்ரோல்+பி-யை இரண்டு முறை.

பிரவுசர் வழியாக பிபிஎஸ்ஸுக்குள் போக வசதி வைத்திருப்பவர்களும் உண்டு. பார்த்துவிட்டு வர அது போதும், உட்கார்ந்து எழுத வேண்டாம். கண்ட்ரோல்+டபிள்யூ ஒரு சொல்லை அழிக்கும் என்று பழக்கத்தில் அழுத்துவீர்கள், டேபே மூடிக்கொள்ளும். அந்தக் கீயை வலைப்பக்கம் கேட்டாலும் பிரவுசர் விட்டுக்கொடுக்காது. கண்ட்ரோல்+டீ, கண்ட்ரோல்+என் இரண்டும் அப்படியே.

டெர்மினலைத் தாண்டினால் அடுத்த ஆள் பிபிஎஸ் மென்பொருள். சிங்க்ரோநெட் சில கண்ட்ரோல் கீகளைத் தனக்கென்று வைத்திருக்கிறது. கண்ட்ரோல்+யூ யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று காட்டும், கண்ட்ரோல்+பி (P) உள்ளே இருக்கும் இன்னொருவருக்குச் சேதி அனுப்ப, கண்ட்ரோல்+டீ நேர விவரம், கண்ட்ரோல்+கே இந்தக் கீகளுக்கே உதவி. எடிட்டருக்குள் இருக்கும்போது இவற்றில் எவை எடிட்டருக்குப் போக வேண்டும், எவை பிபிஎஸ்ஸிடமே நிற்க வேண்டும் என்பதை சிஸ்ஆப் தன் அமைப்பில் மாற்ற முடியும். எனவே நீங்கள் போகும் பிபிஎஸ்ஸில் கண்ட்ரோல்+யூ என்ன செய்யும் என்பதை இங்கிருந்து யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. அது அந்த சிஸ்ஆப்பின் கையில் இருக்கிறது. இதுவரை நான் சொன்னதில் எண்கள், உறையும் திரை, வேர்ட்ஸ்டார் வழக்கம் இவையெல்லாம் உறுதியானவை. குறிப்பிட்ட ஒரு பிபிஎஸ்ஸில் குறிப்பிட்ட ஒரு கீ என்பது எப்போதும் 'அங்கே போய்ப் பார்த்தால்தான் தெரியும்' ரகம்.

அம்புக்குறிக் கீகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சீக்கிரமே கேட்பீர்கள். மேல் அம்பு அழுத்தினால் ஒரு எண் போவதில்லை, மூன்று போகும்: எஸ்கேப், இடது சதுர அடைப்பு, பெரிய ஏ. 1978-இல் வந்த விடி100 டெர்மினல் பரப்பிய முறை இது. கீழ் அம்புக்கு பி, வலத்துக்கு சி, இடத்துக்கு டி. எடிட்டர் எஸ்கேப்பைப் பார்த்ததும் ஒரு நொடியின் சிறு பகுதி காத்திருக்கும். பின்னாலேயே மற்ற இரண்டும் வந்தால் அம்பு, வராவிட்டால் 'எஸ்கேப் கீயைத்தான் அழுத்தியிருக்கிறார்' என்று முடிவு செய்யும். இணைப்பு மந்தமாக இருக்கும்போது எஸ்கேப் முன்னால் வந்து மற்றவை தாமதமாக வந்தால் என்ன ஆகும்? நல்ல நாளில் உங்கள் வாக்கியத்தின் நடுவில் ஓர் அடைப்புக்குறியும் ஏ-வும் முளைக்கும். மோசமான நாளில் எஸ்கேப் எடிட்டரின் மெனுவைத் திறக்கும், தொடர்ந்து வரும் ஏ அந்த மெனுவில் 'அபார்ட்' (கைவிடு) என்றிருந்தால் செய்தி போச்சு. எனவே இணைப்பு இழுக்கிற நாளில் அம்புகளைத் தொடாதீர்கள். ஒரே எண்ணாகப் போகும் கண்ட்ரோல் கீகள் இந்த வகையில் எப்போதும் பத்திரம்.

முழுத்திரை எடிட்டரே இல்லாத பிபிஎஸ்களும் உண்டு. ஏன் என்று கேட்டால் வேகக் கணக்கைப் பாருங்கள். நொடிக்கு 300 பிட் அனுப்பும் மோடமில் ஒரு எழுத்துக்கு 10 பிட் போனால் நொடிக்கு 30 எழுத்து. 80 எழுத்து அகலம், 24 வரி உயரம் கொண்ட திரையில் 1,920 இடங்கள். அதை ஒருமுறை முழுக்க வரைய 64 நொடி ஆகும். 2400-இல்கூட 8 நொடி. ஒரு வரியை நடுவில் நுழைத்தால் கீழே இருப்பதையெல்லாம் மறுபடி வரைய வேண்டும் என்பதால் யாரும் முழுத்திரையை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. வார்ட் கிறிஸ்டென்சனும் ராண்டி சூஸும் சிகாகோவில் 1978 பிப்ரவரி 16 அன்று முதல் பிபிஎஸ்ஸைத் திறந்த காலத்திலிருந்தே வரி எடிட்டர்தான் வழக்கம். ஒரு வரி தட்டி என்டர் அழுத்தினால் அந்த வரி முடிந்தது, கர்சரை மேலே கொண்டுபோய்த் திருத்த முடியாது. கட்டளை கொடுக்க வேண்டுமானால் பெரும்பாலும் புது வரியின் முதல் எழுத்தாக ஒரு சாய்கோடு போட வேண்டும். சாய்கோடு எஸ் என்றால் சேவ், சாய்கோடு கேள்விக்குறி என்றால் உதவி, கைவிட ஏ அல்லது ஏபிடி. சிங்க்ரோநெட்டின் உள் எடிட்டரில் சாய்கோடு, எல் போட்டால் எழுதியதைக் காட்டும். சாய்கோடு, ஈ, வரி எண் என்று போட்டால் அந்த வரியைத் திருத்தலாம், ஈ-க்குப் பதில் டி போட்டால் அந்த வரி போகும். ஒரு சாதாரணப் பதில் எழுத, உண்மையைச் சொன்னால், இதுவே வேகமானது. கண்ட்ரோல் கீ குழப்பம் எதுவும் இங்கே எட்டிப்பார்க்காது.

ஒட்டுவது எப்படி என்று உங்களுக்கு மிச்சமிருக்கும். ஒட்டுதல் என்பது பிபிஎஸ்ஸின் வேலையே இல்லை, டெர்மினலின் வேலை. புட்டியில் வலது கிளிக், அல்லது ஷிப்ட்+இன்சர்ட். சிங்க்டெர்மிலும் ஷிப்ட்+இன்சர்ட். நகலெடுக்கக் கண்ட்ரோல்+சி-யைத் தொடாதீர்கள், பிபிஎஸ்ஸில் பல இடங்களில் அது 'நிறுத்து' என்ற உத்தரவு. மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுத்தாலே புட்டியில் நகலாகிவிடும். ஒட்டும்போது டெர்மினல் செய்வது நீங்கள் மிக வேகமாகத் தட்டுவது போலத்தான். மறுமுனைக்கு வித்தியாசம் தெரியாது. அதனால் ஒட்டும் உரையில் ஏதாவது வரி சாய்கோட்டில் தொடங்கினால் வரி எடிட்டர் அதைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளும். யூனிக்ஸ் கோப்புப் பாதை ஒன்றை வரியின் தொடக்கத்தில் வைத்து ஒட்டினால் இதுதான் நடக்கும், முன்னால் ஓர் இடைவெளி விட்டால் தப்பிக்கலாம். வரி 80 எழுத்தைத் தாண்டினால் எடிட்டர் தானாக மடிக்கும். உங்கள் உரையிலும் வரிமுறிவுகள் இருந்தால் ஒரு நீள வரி, ஒரு குட்டி வரி, மறுபடி நீள வரி என்று படிக்கட்டு மாதிரி வந்து நிற்கும். 75 எழுத்துக்குள் முறித்து வைத்துவிட்டு ஒட்டுங்கள்.

தமிழில் எழுத முடியுமா என்று கேட்பவர்களும் இதைப் படிக்கலாம். பெரும்பாலான பழைய பாணி பிபிஎஸ்கள் ஐபிஎம் பிசியின் எழுத்து அட்டவணையான கோட்பேஜ் 437-ஐ நம்பி இருப்பவை, அதில் மொத்தம் 256 இடங்கள். நீங்கள் இன்றைய யூனிகோடு முறையான யூடிஎஃப்-8-இல் 'த' என்று தட்டினால் மூன்று பைட் போகும். அங்கே அது ஒரு கிரேக்க ஆல்பா, ஒரு இரட்டைக் கோண மேற்கோள் குறி, மேலே நெளிவு போட்ட ஒரு என் என்று தெரியும். எல்லாத் தமிழ் எழுத்தும் அந்த ஆல்பாவில்தான் தொடங்கும். 'தமிழ்' என்ற ஒரு சொல்லுக்கு 15 பைட். யூடிஎஃப்-8 புரிந்துகொள்ளும் சிங்க்ரோநெட் பிபிஎஸ்களில் எழுத்து வந்துவிடும். ஆனால் திரையில் ஓர் எழுத்துக்கு எத்தனை கட்டம் என்ற கணக்கு 'மி', 'ழ்' போன்றவற்றில் தடுமாறி, கர்சர் ஓரிடமும் எழுத்து வேறிடமுமாக நிற்கும். அந்த நிலையில் பேக்ஸ்பேஸ் அழுத்துவது இருட்டில் தேடுகிற வேலை.

நீளமாக எழுதுகிறவர்களுக்கு இன்னொரு வழி சொல்கிறேன். எடிட்டரையே தவிர்த்துவிடலாம். 1987 வாக்கில் வந்த க்யூடபிள்யூகே என்ற பொதி முறை இருக்கிறது. பிபிஎஸ்ஸிலிருந்து செய்திகளை ஒரே மூட்டையாக இறக்கிக்கொண்டு, தொடர்பைத் துண்டித்துவிட்டு, உங்கள் கணினியில் மல்டிமெயில் போன்ற நிரலில் படித்து, உங்களுக்குப் பிடித்த எடிட்டரிலேயே பதில் எழுதி, பதில்களை ஒரு மூட்டையாக ஏற்றிவிடலாம். தொலைபேசிக் கட்டணம் நிமிடக் கணக்கில் ஓடிய காலத்தில் காசு மிச்சம் பிடிக்கக் கண்டுபிடித்தது. இன்று கட்டணம் இல்லை, ஆனால் கண்ட்ரோல்+எஸ் நீங்கள் நினைத்தபடியே சேவ் செய்யும் என்பது போதாதா? சிங்க்ரோநெட் இதை இன்றும் ஆதரிக்கிறது. மூட்டையை இசட்மோடமில் இறக்கும்போது நடுவில் நிறுத்த வேண்டுமானால் கண்ட்ரோல்+எக்ஸ் தொடர்ச்சியாக ஐந்து முறை.

உங்களுக்கு இப்போதைக்குச் செய்ய வேண்டியது இவ்வளவுதான். முதல் பிபிஎஸ்ஸில் சோதனைப் பகுதி ஒன்று இருக்கும், இல்லாவிட்டால் உங்களுக்கே ஒரு அஞ்சல் எழுதத் தொடங்குங்கள். இரண்டு வரி உளறலாகத் தட்டிவிட்டு முதலில் திரையின் கடைசி வரியைப் படியுங்கள். முழுத்திரை எடிட்டர்கள் சேவ், அபார்ட் கீகளை அங்கேதான் எழுதி வைத்திருக்கும், கூரைக் குறி (^) போட்டு ஒரு எழுத்து இருந்தால் அது கண்ட்ரோல் என்று படிக்க வேண்டும். அங்கே எதுவும் இல்லாவிட்டால் எஸ்கேப் ஒருமுறை. அதற்கும் அசையாவிட்டால் புது வரியில் சாய்கோடு, கேள்விக்குறி, என்டர். இந்த மூன்றில் ஒன்று பெரும்பாலும் கதவைத் திறக்கும். சேவ், அபார்ட், வரி அழித்தல், இன்சர்ட் மாற்றுதல் இந்த நான்குக்கும் அங்கே என்ன கீ என்று குறித்துக்கொள்ளுங்கள், மற்றது தானாகப் பழகும்.

இன்னொன்று, சிங்க்ரோநெட்டில் உங்கள் கணக்கின் செட்டிங் பக்கத்தில் எந்த எக்ஸ்டர்னல் எடிட்டர் வேண்டும் என்று கேட்கும் ஒரு வரி இருக்கும். எதுவும் வேண்டாம் என்று வைத்தால் வரி எடிட்டர் வரும். இப்போது அங்கே என்ன பெயர் இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். ஸ்லைஎடிட் என்றால் நான் மேலே சொன்ன கீகள் பொருந்தும். வேறு பெயர் இருந்தால் கடைசி வரியில் இருப்பதை அப்படியே தட்டி அனுப்புங்கள், அதை வைத்துப் பேசலாம்.